வேரிலிருந்தா, புள்ளியிலிருந்தா?

எங்கள் வீட்டில் கத்தரிக்கோல் ஒருநாளும் தொலைந்ததில்லை. அது இருக்கும் இடத்தைச் சொல்வதில்தான் எங்களுக்குள் சண்டை வரும்.

"கத்தரிக்கோல் எங்கங்க?" என்று நான் படுக்கையறையிலிருந்து கேட்பேன். என் கணவர் சமையலறையில் நின்றபடி, "வலது பக்கம், ரெண்டாவது இழுப்பறை" என்பார். என் வலது பக்கத்தில் சுவர்தான் இருக்கும். இழுப்பறை இருப்பது அவருடைய வலது பக்கத்தில். எதையும் தான் நிற்கும் இடத்திலிருந்தே சொல்லிப் பழகியவர் அவர். நான் அதற்கு நேரெதிர். அவர் என்னிடம் ஏதாவது கேட்டால், "வாசக்கதவத் திறந்து உள்ள வாங்க, கூடத்தத் தாண்டி இடது பக்கம் ஒரு அறை, அதுல ஜன்னலுக்குக் கீழ ஒரு அலமாரி..." என்று தொடங்குவேன். அவர் அந்த அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டுதான் கேட்டிருப்பார்.

"அடியே, நான் என்ன வீட்டுக்கு வந்த விருந்தாளியா? வாசல்ல இருந்து எதுக்கு வழி சொல்ற?"

"நீங்க எங்க நிக்கறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அதான் குரல் கேக்குதே."

இப்படியே போகும். கடைசியில் அவரே தீர்ப்பும் சொல்லிவிடுவார்: "நீ எப்பவும் வேர்ல இருந்து பேசற. நான் புள்ளியில இருந்து பேசறேன். நமக்கு எப்படி ஒத்துப்போகும்?"

அவர் நிரல் எழுதுகிறவர். கணினியில் கோப்புகளைப் போட்டு வைக்கும் எல்லா உறைகளுக்கும் தாயாக, எல்லாவற்றையும் தனக்குள் வைத்திருக்கும் உறைக்கு அவர்கள் தொழிலில் வேர் என்று பெயர். புள்ளி என்பது வெறும் புள்ளிதான். ஆனால் கட்டளை எழுதும்போது ஒரு புள்ளி வைத்தால், 'நான் இப்போது நிற்கும் இடம்' என்று பொருளாம். எதற்கெடுத்தாலும் புள்ளி, புள்ளி என்று பேசியதால் அலுவலகத்தில் அவருக்குப் புள்ளி என்றே பெயர். பெரிய புள்ளி என்று அவர்கள் சொன்னது மேலாளரை. இவர் வெறும் புள்ளி.

நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். என் தொழிலில் புள்ளிக்கு வேறு வேலை. எழுத்தின் தலையில் வைத்தால் உயிர் போய் மெய் மட்டும் மிஞ்சும். வாக்கியத்தின் கடைசியில் வைத்தால் வாக்கியமே முடிந்துபோகும். இதைச் சொன்னபோது அவர் கைகொட்டிச் சிரித்தார். "உன் புள்ளி ஆளக் கொல்ற புள்ளி. என் புள்ளி, ஆள் இங்கதான் இருக்கான்னு சொல்ற புள்ளி" என்றார். என் தொழிலுக்காக அவர் எனக்கு வைத்திருந்த பெயர் சிவப்பு மை. கோபம் வந்தாலும் அதுதான், கொஞ்சினாலும் அதுதான்.

அலுவலகப் பழக்கத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். கிட் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. எழுதியதையெல்லாம் பதிப்புப் பதிப்பாக நினைவில் வைத்துக்கொள்ளும். நேற்று எழுதி இன்று அழித்த வரியைக்கூட நாளை கேட்டால் எடுத்துக் கொடுக்கும். நிரல் எழுதுகிறவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. வீட்டில் கணவனும் மனைவியும் இருக்க அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. நான் எதையும் மறப்பதில்லை, எதிலும் விட்டுக்கொடுப்பதும் இல்லை. ஆனாலும் 'வீடு' என்று ஒரு வேர் உறை, அதற்குள் 'மெய்ப்பு', 'வைத்தியம்', 'பிறகு' என்று சின்ன உறைகள் என எல்லாவற்றையும் உண்டாக்கினார். பெயர்கள் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான். அதன் பலனாக அந்த மென்பொருள் எங்கள் வீட்டு உறைகளைச் சில சமயம் வெறும் எண்களாகவும் சாய்கோடுகளாகவும் காட்டும். "உன் தமிழப் பாத்து பயந்துட்டான்" என்பார்.

அதைக் காவல்காரன் என்றுதான் அவர் சொல்வார். ஒரு பொருளை அழைப்பது மாதிரி அழைக்கமாட்டார்.

"நல்ல காவக்காரன். ஆனா கொஞ்சம் கிறுக்கன். 'இந்தக் கோப்போட வரலாற்றச் சொல்லு'ன்னு கேட்டா, நான் நிக்கற அறையில தேடிச் சொல்றான். 'சரி, அதே கோப்போட பழைய பதிப்பக் காட்டு'ன்னு அதே பேரச் சொன்னா, வாசலுக்கு ஓடி வேர்ல இருந்து தேடறான். ஒரு வேலைக்கு என்ன மாதிரி, இன்னொரு வேலைக்கு உன்ன மாதிரி. நம்ம ரெண்டு பேருக்கும் பொறந்தவன் போல."

"அப்ப அவன எப்படி வழிக்குக் கொண்டுவர்றது?"

"பேருக்கு முன்னாடி ஒரு புள்ளி வெச்சு ஒரு சாய்கோடு போடணும். நான் இங்கதாண்டா நிக்கறேன், இங்க தேடுன்னு அர்த்தம்."

எனக்கு இதெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற விஷயம். அவர் இருக்கும்போது நான் எதற்கு இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

பிறகு அவருக்கு நோய் வந்தது. மருத்துவமனையில் வரிசை எண்ணைச் சிவப்பு விளக்கில் காட்டும் பலகைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்கு நிரல் எழுதுவதுதான் அவர் வேலை. தான் எழுதிய பலகைக்குக் கீழேயே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எண் தாண்டிப் போனால் நிரலைத் திட்டுவதா மருத்துவரைத் திட்டுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. "நாம எழுதினது நம்மள இப்படி உக்கார வெக்கும்னு தெரிஞ்சிருந்தா, வேகமா ஓடற மாதிரி எழுதியிருப்பேன்" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னார். அந்த மனிதர் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

மருத்துவர் பூசி மெழுகிப் பேசிய நாளுக்கு மறுநாள், 'பிறகு' உறைக்குள் கல் என்ற பெயரில் ஒரு கோப்பைத் தொடங்கினார்.

"என்னங்க இது?"

"என் கல்லுல என்ன எழுதணும்னு. நீங்க எல்லாரும் சேர்ந்து ஏதாவது கண்றாவியாப் போட்டுடுவீங்க. எங்க பெரியப்பா ஒருத்தர் போதும். 'பாசத்தின் சிகரம், பண்பின் இமயம்'னு ஆரம்பிப்பாரு. சிகரம்னு மட்டும் போட்டீங்க, எழுந்து வந்துடுவேன்."

நான் எழுந்து போகப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விளையாட்டு முகம் போய்விட்டது.

"என் வார்த்தையத்தான் போடணும். ஒரு வரியா இருந்தாலும் என்னோடதா இருக்கணும். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான். மருந்து, தண்ணீர், தலையணை எல்லாம் தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தார் போலும்.

அதன்பின் அந்தக் கோப்பு எங்களுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. அவர் எழுதி அச்செடுத்துத் தருவார், நான் திருத்துவேன். முதலில், 'இங்கே ஒருவர் தூங்குகிறார். எழுப்பினால் குறட்டையைத் தொடர்வார்' என்று எழுதினார். எழுப்பப்பட்டவர் குறட்டை விட முடியாது, பொருட்பிழை என்று குறித்தேன். அடுத்து, 'அவசரமாகப் போக வேண்டியிருந்ததால் சொல்லிக்கொள்ள முடியவில்லை' என்றார். "நீங்க எதுக்கு அவசரமாப் போயிருக்கீங்க? குளியலறைக்குப் போறதுக்கே மூணு தடவை சொல்லிட்டுத்தான் போவீங்க" என்றேன். ஒருநாள் 'அன்புள்ள கணவர்' என்று எழுதியிருந்தார். ஓரத்தில் 'ஆதாரம்?' என்று எழுதி வைத்தேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. ஒவ்வொன்றையும் காவல்காரனிடம் ஒப்படைத்து, கூடவே ஒரு குறிப்பும் எழுதுவார். 'கல்: சிவப்பு மை கொன்றது.' 'கல்: கடைசி.' 'கல்: உண்மையிலேயே கடைசி.'

அதே நாட்களில்தான் இன்னொரு கோப்பையும் தொடங்கினார். இது வேரில், சின்ன உறைகளுக்கெல்லாம் வெளியே. இதற்கும் பெயர் கல்.

"அதான் ஏற்கெனவே ஒரு கல் இருக்கே?"

"அது செதுக்கற கல். இது, கத்துக்கோன்னு சொல்ற கல். ரெண்டு பொருள் இருக்குன்னு நீதானே சொன்ன? நான் இல்லாதப்ப இந்தக் கணினிய எப்படித் தெறக்கறது, எங்க என்ன இருக்குன்னு உனக்காக ஒண்ணொண்ணா எழுதித் தரேன்."

"ஒரே பேர்ல ரெண்டு வெக்காதீங்க. குழம்பும்."

"வேற வேற அறையில இருக்கு. எப்படிக் குழம்பும்?" என்றவர், முதல் வரியைத் தட்டி, வகுப்பெடுக்கிற குரலில் படித்துக் காட்டினார்: "முதலில் நீ எங்கே நிற்கிறாய் என்று பார்".

நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். "தொட்டிக்கு முன்னாடி நிக்கறேன். எனக்கு இதெல்லாம் வேண்டாம். நீங்க இல்லாதப்ப நான் கணினியத் தெறந்து என்ன பண்ணப் போறேன்?" என்றேன். அவர் அப்படியே வைத்துவிட்டார். அந்த வரிக்கு மேல் அதில் ஒன்றும் எழுதவில்லை. பாடம் முடியாததால் முற்றுப்புள்ளியும் வைக்கவில்லை.

அவர் போனது ஒரு முற்பகல். உடம்பு, வண்டி, மாலை, மண் என்று எல்லாம் மற்றவர்கள் கையில் நடந்தன. கல் மட்டும் மிச்சம் இருந்தது.

கல் கடைக்காரர் நல்ல மனிதர். பேசும்போது அடிக்கடி "கவலப்படாதீங்கம்மா, அழகா வரும்" என்பார், திருமணப் பத்திரிகைக்குச் சொல்வதுபோல. வாசகத்தை இந்த வாரத்துக்குள் கொடுத்தால் அடுத்த வாரம் கல் நட்டுவிடலாம் என்றார். பெரியப்பா அதற்குள் ஒன்றைத் தயாராக எழுதி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதில் சிகரமும் இருந்தது, இமயமும் இருந்தது, கூடுதலாக ஒரு கலங்கரை விளக்கமும் இருந்தது.

"அவர் தானே எழுதி வெச்சிருக்கார், பெரியப்பா" என்றேன்.

"தன்னப் பத்தித் தானே எழுதிக்கறதா? அடக்கமா இருக்காதேம்மா."

"அவர் அடக்கமாத்தான் எழுதியிருப்பார்."

"சரி, கொண்டா பாப்போம்."

கொண்டுவர வேண்டும். கணினியைத் திறக்க எனக்குத் தெரியாது. கற்றுக்கொள்ளவில்லையே.

அதனால் என் நாத்தனார் வந்தாள். இவருக்கு ஒரே தங்கை. அவளும் இதே தொழில்தான், பெரிய நிறுவனத்தில் பெரிய பதவி. பெரிய புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். அண்ணன் போனதிலிருந்து அழுகையை எல்லாம் வேலையாக மாற்றிக்கொண்டிருந்தாள். வந்ததும் ஜன்னலைத் திறந்தாள், திரைச்சீலையை இழுத்து மாட்டினாள், எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து என்னையே சமையலறையில் உட்காரச் சொல்லிவிட்டு அவர் மேசையில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணி, எந்த உறை?"

"வீட்டுக்குள்ள 'பிறகு'. அதுக்குள்ள கல்."

"பிறகுக்குள்ள வந்துட்டேன். கல் இருக்கு. தெறக்கறேன்."

எட்டிப் பார்த்தேன். அவள் கைக்குட்டையால் திரையின் இடது மூலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தூசி அண்ணி இந்தத் திரையில! ...கோப்பு காலியா இருக்கே. அழிஞ்சிடுச்சு போல."

பெரியப்பாவின் கலங்கரை விளக்கம் கண்முன் எரிந்தது.

"பயப்படாதீங்க. அண்ணா எல்லாத்தையும் பதிப்பாப் போட்டு வெச்சிருக்கான். லாக்னு ஒரு கட்டளை, வரலாற்றச் சொல்லும். ...ஆ, வந்துடுச்சு. 'கல்: சிவப்பு மை கொன்றது.' 'கல்: கடைசி.' 'கல்: உண்மையிலேயே கடைசி.' இன்னும் ஒண்ணு இருக்கு. 'கல்: இதுதான். சிவப்பு மைக்கு வேலை இல்லை.' அண்ணி, இதுதான்! இந்தப் பதிப்பக் காட்டுன்னு கேக்கறேன்."

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கேவல்.

"கிடைச்சிடுச்சு அண்ணி. ஐயோ, எங்க அண்ணனா இப்படி எழுதினான்? ஒரே வரி. ஒரே ஒரு வரி."

"படி."

"மாட்டேன். நீங்க தாங்க மாட்டீங்க. கல்லுல பாருங்க."

"நான் மெய்ப்புப் பாக்கணும்மா."

"எல்லாத்துக்கும் மெய்ப்பு பாக்கணுமா? அவனே சொல்லியிருக்கானே, சிவப்பு மைக்கு வேலை இல்லன்னு. ஒரு தடவையாவது அவன் சொன்னதக் கேளுங்க அண்ணி."

அவள் சொன்னதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த அன்போடேயே கைப்பேசியில் வரியைக் கல் கடைக்காரருக்கு அனுப்பினாள். பெரியப்பாவுக்கும் அனுப்பினாள். அவர் வெகுநேரம் கழித்து, 'ஆழமாக இருக்கிறது' என்று பதில் எழுதினார். தன்னுடையதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். என் வாழ்நாளில் நான் படிக்காமல் அச்சுக்குப் போன ஒரே வாசகம் அதுதான்.

கல் நட்ட நாளன்று நல்ல வெயில். உறவினர்கள் சிலர், அவருடைய அலுவலகத்தார் சிலர். கல் கடைக்காரர் துணியை எடுத்து மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். சாம்பல் நிறக் கல். அவர் பெயர். பெயருக்குக் கீழே ஒரே வரி.

முதலில் நீ எங்கே நிற்கிறாய் என்று பார்

எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்தார்கள். பெரியப்பா நின்றது, கல்லைச் சுற்றிப் பூசியிருந்த ஈரச் சிமெண்டில். "அடடா" என்று காலை எடுத்தார். செருப்பு வரவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. முகத்தை மூடிக்கொண்டேன், தோள் குலுங்கியது. நாத்தனார் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "அழுங்க அண்ணி, நல்லா அழுதுடுங்க" என்றாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அவர் அலுவலகத்து மேலாளர், அதாவது உண்மையான பெரிய புள்ளி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு பெரிய தத்துவம் பாருங்க. வாழ்க்கையே இதுல அடங்கிப் போச்சு. இந்த மனுஷன வெச்சு நான் வரிசை எண்ணுக்கு நிரல் எழுதச் சொன்னேனே" என்றார். அதைத் தங்கள் அலுவலகச் சுவரில் எழுதி மாட்டலாமா என்றும் கேட்டார்.

அவர்களிடம் எப்படிச் சொல்வது, அது கணினியைத் திறக்கச் சொல்லித் தரும் பாடத்தின் முதல் வரி என்று? மாணவி பாத்திரம் துலக்கப் போய்விட்டதால் நின்றுபோன பாடம் என்று?

சிரிப்பு அடங்கியபின் பயம் வந்தது. இது அவருடைய வார்த்தைதான், சந்தேகமில்லை. ஆனால் கல்லுக்கென்று அவர் எழுதிய வார்த்தை இல்லை. 'இதுதான்' என்று அவர் குறித்து வைத்தது வேறு ஏதோ. அது என்னவென்று தெரியாமல், செய்த சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது?

வீட்டுக்கு வந்ததும் நாத்தனாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"இல்ல அண்ணி. நான் கல்லத்தான் தெறந்தேன்."

"எந்தக் கல்ல?"

"ஒரு கல்தானே இருக்கு?"

"ரெண்டு இருக்கு. ஒண்ணு வேர்ல, ஒண்ணு பிறகுக்குள்ள. வேண்டாம், குழம்பும்னு நான் சொன்னேன், கேக்கல."

"நான் பிறகுக்குள்ள நின்னுட்டுத்தானே கேட்டேன்? வரலாறு சரியா வந்துச்சே. அப்புறம் அதே பேரத்தானே..." என்றவள் பாதியில் நின்றாள். கை மெல்ல நெற்றிக்குப் போயிற்று. "ஐயோ! காட்டுன்னு கேட்டா அது வேர்ல இருந்து பாக்கும்! எங்க அலுவலகத்துல எல்லாம் பொத்தான அமுக்கியே பழகிட்டோம் அண்ணி. புள்ளி வெக்க மறந்துட்டேன். அப்படி ஒரு கோப்பே இல்லன்னு அது சொல்லியிருந்தா முழிச்சிருப்பேன். அங்கயும் ஒரு கல் இருந்து தொலைச்சதால ஒண்ணும் சொல்லாம எடுத்துக் கொடுத்துடுச்சு."

"காவக்காரன் மேல தப்பில்ல."

"என்ன காவக்காரன்?"

"ஒண்ணுமில்ல. புள்ளி வெச்சுக் கேளு."

அவள் உட்கார்ந்தாள். நான் இந்த முறை பின்னாலேயே நின்றேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. கல் என்ற பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் ஒரு சாய்கோடும் போட்டுத் தட்டினாள்.

திரையில் ஒன்றும் வரவில்லை. இடது ஓரத்தில் மட்டும் கடுகைவிடச் சின்னதாக ஏதோ இருந்தது.

நாத்தனார் கைக்குட்டையை எடுத்தாள். துடைத்தாள். எச்சில் தொட்டுத் துடைத்தாள்.

"போகவே மாட்டேங்குது அண்ணி."

"போகாதும்மா" என்றேன். "அது தூசி இல்ல."

ஒரு புள்ளி. 'இதுதான். சிவப்பு மைக்கு வேலை இல்லை' என்று குறிப்பெழுதி அவர் ஒப்படைத்தது அதைத்தான். குறட்டையையும் அவசரத்தையும் அன்புள்ள கணவரையும் நான் ஒன்றன்பின் ஒன்றாகக் கொன்றபின், என்னால் திருத்தவே முடியாத ஒன்றை எழுதிவிட்டார். முற்றுப்புள்ளி என்று எடுத்துக்கொண்டால் எனக்காக எழுதியது. அவர் தொழிலில் எடுத்துக்கொண்டால், ஆள் இங்கதான் இருக்கான். இரண்டில் எது என்று கேட்டு ஓரத்தில் ஒரு குறி போடக்கூட இடம் வைக்கவில்லை.

நாத்தனார் அழ ஆரம்பித்தாள். அவள் சரியாக அழுதது அன்றைக்குத்தான். "நான் கெடுத்துட்டேனே அண்ணி. அவன் கடைசியாக் கேட்டத நான் கெடுத்துட்டேனே. கல்ல மாத்திடலாம். புதுக் கல் போடச் சொல்றேன். வெறும் பேரு, ஒரு புள்ளி, அவ்வளவுதான்."

நான் யோசித்தேன். அந்த வரி இனி கல்லில் இல்லாமல் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஊரெல்லாம் தத்துவம் என்று நினைக்கிறது. நினைத்துவிட்டுப் போகட்டும். அதில் வரும் 'நீ' யார் என்று எனக்குத் தெரியும்.

"கல்ல மாத்த வேண்டாம்" என்றேன். "கடைக்காரருக்கு ஃபோன் போடு."

கடைக்காரர் ஃபோனிலேயே பதறினார். "ஏதாவது எழுத்துப்பிழையாம்மா? நீங்க பிழை திருத்தறவங்கன்னு சொன்னதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல."

"பிழை இல்ல. கடைசியில ஒரு புள்ளி வெக்கணும்."

"புள்ளியா?"

"ஆமா. 'பார்'க்குப் பக்கத்துல."

"அம்மா, கல்லுல நாங்க முற்றுப்புள்ளி வெக்கறதில்லம்மா. யாரும் வெக்க மாட்டாங்க. பேருக்கெல்லாம் முற்றுப்புள்ளி வெச்சா நல்லாவா இருக்கும்?"

"இது முற்றுப்புள்ளி இல்ல."

"பின்ன?"

என்ன சொல்வது? "அவரோட கையெழுத்துன்னு வெச்சுக்கோங்க" என்றேன்.

இடுகாட்டுக்கே வந்து வைத்துக் கொடுத்தார். நாத்தனாரும் நானும் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நின்றோம். கைத்துளைப்பானை எடுத்து முனையை மாற்றி மாற்றிப் பார்த்தார். "எவ்வளவு பெருசா வேணும்?" என்று கேட்டார். "பாக்கறவங்க தூசின்னு நெனைக்கற அளவுக்கு" என்றேன். அவர் நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார், "அண்ணி சொல்ற மாதிரியே வைங்க" என்றாள். விர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மாவுபோல் பறந்த கல்தூளை ஊதிவிட்டு, உள்ளே கறுப்பு மை தொட்டு வைத்தார். "ஒரு புள்ளிக்காக வண்டி எடுத்துட்டு வந்தது இதுதாம்மா முதல் தடவ" என்று சொல்லிக்கொண்டே சாமான்களைக் கட்டினார்.

கணினியை இப்போது நானே திறக்கிறேன். வேரில் இருக்கும் கல் கோப்பில் அந்த ஒரு வரிக்குக் கீழே என் பாடத்தை நானே எழுதிக்கொண்டு வருகிறேன். தப்பும் தவறுமாகத்தான். ஒவ்வொரு முறையும் காவல்காரனிடம் ஒப்படைத்துக் குறிப்பும் எழுதுகிறேன். பார்த்துத் திருத்தத்தான் ஆள் இல்லை.

போன மாதம் பெரியப்பா வந்திருந்தார். நாத்தனாரையும் சேர்த்து மூவரும் கல்லைப் பார்க்கப் போனோம். அவர் முதலில் தன் காலடியைச் சரிபார்த்துக்கொண்டு, சிமெண்டில் இன்னும் பதிந்திருக்கும் தன் செருப்புத் தடத்துக்கு இப்பால் நின்றார். வரியை ஒருமுறை உரக்கப் படித்துத் தலையாட்டினார். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டப் போனார். விரல் நகத்தால் சுரண்டினார். தோள் துண்டின் நுனியை எடுத்து அழுத்தித் துடைத்தார்.

"என்னம்மா இது, கல்லெல்லாம் தூசி. போகவே மாட்டேங்குதே."

நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"அது போகாது பெரியப்பா" என்றாள். "அண்ணா அங்கதான் இருக்கான்."